கேட்கப்படாத சம்மதம்

திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கோயிலின் கடைசி வரிசைகளில் நின்றிருந்த இளைஞர் சிலர் மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, ஒதுங்கி நின்று தமக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைக்கும் பிள்ளைகள். ஜார்க்கண்ட் மாநிலத்துக் கும்லா மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் ஓரளவு வந்திருந்தது.

"இந்திதானே தம்பி உன் தாய்மொழி?" என்று கேட்டேன்.

"இல்லை சார், குருக்" என்றான்.

அந்த மொழியில் 'நான்' என்பதற்கு என்ன சொல் என்று கேட்டேன். 'ஏன்' என்றான். 'நீ' என்பதற்கு? 'நீன்' என்றான். என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். 'ஃகன்' என்றான். உடன் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; மெய்சிலிர்த்தது. குருக் ஒரு திராவிட மொழி என்று நூல்களில் படித்திருக்கிறோம். அந்த உறவு ஒரு தையல் தொழிலாளியின் வாய்வழியே வந்து நம் வாசலில் நின்றபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

அந்த இளைஞன் ஒராவோன் இனத்தவன். தன் ஊரில் அவன் ஆதிவாசி. அரசின் ஏடுகளில் அவன் 'பட்டியல் பழங்குடி'. ஆனால் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் பன்னாட்டு அவைகளில் நம் அரசு பேசும்போது, அவனுக்கென்று தனிப்பெயர் ஏதுமில்லை. இந்தியாவில் எல்லாருமே பூர்வகுடிகள்தாம். ஆகவே பூர்வகுடி மக்களின் உரிமைகள் என்று தனியே பேசப்படுவது எங்களுக்குப் பொருந்தாது என்பதே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் அரசு கூறிவரும் விடை. காங்கிரஸ் ஆட்சியிலும் பாரதிய ஜனதா ஆட்சியிலும் கூட்டணி ஆட்சிகளிலும் அந்த விடை மாறவில்லை. ஏன் இந்த மறுப்பு? அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது? இவற்றைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

பெயரில் தொடங்கிய வழக்கு

வழக்கு ஜெனீவாவில் தொடங்கவில்லை; நம் அரசியல் நிர்ணய சபையிலேயே தொடங்கியது. 1946 டிசம்பர் 19 அன்று, நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தின்மீது ஜெய்பால் சிங் முண்டா பேச எழுந்தார். சோட்டாநாகபுரியில் பிறந்த முண்டா இனத்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர். தம் மக்களை இந்த நாட்டின் தொல்முதல் குடிகள் என்று அவர் உரிமையோடு நினைவூட்டினார். 'ஆதிவாசி' என்னும் பெயர் அரசியல் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று பின்னரும் வாதாடினார். அவர் வேண்டியது கிடைக்கவில்லை. ஆதிவாசி என்பது பொதுச்சொல், அதற்குச் சட்ட வரையறை இல்லை. பெயர்களை எண்ணிக் கூறும் பட்டியல் இருந்தால்தான் யாருக்கு உரிமை என்பது தெளிவாகும் என்பது அம்பேத்கரின் விளக்கம். சட்ட அறிஞரின் நோக்கில் அதில் நியாயம் உண்டு. அந்தப் பட்டியலால் கல்வியும் வேலையும் சட்டமன்ற இடங்களும் பல இலட்சம் பேருக்குக் கிடைத்தன என்பதை நாம் மறக்கலாகாது.

ஆயினும் பட்டியல் என்பது கொடுப்பவர் கையில் இருப்பது. ஓர் இனம் தன்னை யார் என்று சொல்லிக்கொள்வது வேறு. அரசு அதனை இன்னார் என்று குறித்துக்கொள்வது வேறு. நம் அண்டை மாவட்டமான ஈரோட்டில், பர்கூர் மலையில் வாழும் மலையாளி இனத்தவர் நெடுங்காலம் பழங்குடிப் பட்டியலுக்கு வெளியே நின்றனர். சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடியாக இருந்த அதே இனம், பட்டியலில் தங்கள் மாவட்டத்தின் பெயர் இல்லாத காரணத்தால், அங்கே பழங்குடி அல்லாததாயிற்று. ஆனைமலையின் கேரளப் பகுதியில் காடர் இனம் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுள் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அந்தத் தனிப்பிரிவில் அதற்கு இடமில்லை. உடுமலை வட்டத்து மலைக் குடியிருப்புகளில் வாழும் புலையர், தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்குமாறு பல்லாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றனர். மலை ஒன்றே, மக்களும் ஒருவரே. கோடு மட்டும் கோட்டையிலிருந்து வரையப்படுகிறது.

நம் தமிழ்ச்சொல்லையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 'பழங்குடி' என்கிறோம். பழமையான குடி என்பதே அதன் பொருள். வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழிலும் அந்தச் சொல்தான் அச்சாகிறது. நம் மொழி தயக்கமின்றி ஒப்புக்கொண்டதை, நாட்டின் அரசு பன்னாட்டு அரங்கில் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது.

காட்டைத் திருத்தியவரின் நிலம்

இந்தியாவில் முதற்குடி, பிற்குடி என்ற வேறுபாடே கிடையாது என்னும் கூற்று வரலாற்றுக்கு ஒத்து வருமா? சோட்டாநாகபுரியின் சட்டமே அதனை மறுக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஜமீன்தாரர்களும் குத்தகைதாரர்களும் நுழைந்து, காடு திருத்தி விளைநிலமாக்கிய முண்டா, ஒராவோன் குடும்பங்களைத் தம் சொந்த மண்ணிலேயே கூலிகளாக்கினர். 1885-இல் ராஞ்சிப் பகுதிக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார், மக்கள் நீதிமன்றங்களில் ஏமாற்றப்படுவதைக் கண்டு, நிலச் சட்டத்தைத் தாமே கற்று அவர்களுக்கு வழிகாட்டினார். நெற்றியில் திருநீர் வார்க்கும் முன்னரே கையில் நிலப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தவர் அவர் என்று சொன்னால் மிகையாகாது. எட்டாண்டுகளில், 1893-இல், காசநோய் அவர் உயிரைக் குடித்தது.

அடுத்த தலைமுறையில் பிர்சா முண்டாவின் எழுச்சி வந்தது. 1900 ஜூன் மாதம் ராஞ்சிச் சிறையில் பிர்சா இறந்தார். ஆனால் அந்த எழுச்சியின் அதிர்ச்சியால் ஆங்கிலேய அரசு 1908-இல் சோட்டாநாகபுரி குத்தகைச் சட்டத்தை இயற்றியது. அதனை உருவாக்குவதில் துணைநின்றவர் ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஹாஃப்மன் அடிகளார். முண்டா மொழிக்கும் பண்பாட்டுக்கும் கலைக்களஞ்சியம் தொகுத்த அறிஞர். அந்தச் சட்டத்தில் 'முண்டாரி குந்த்கட்டிதார்' என்று ஓர் உரிமையாளர் குறிக்கப்படுகிறார். காட்டை முதன்முதல் வெட்டித் திருத்திய மூதாதையரின் வழிவந்தவர் என்பது அதன் பொருள். ஆக, முதலில் மண்ணைத் திருத்தியவருக்கு அந்த மண்ணின்மீது தனி உரிமை உண்டு என்பது இந்தியச் சட்டப் புத்தகத்தில் நூறாண்டுக்கு மேலாக எழுதப்பட்டே இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான புதுக் கருத்தன்று அது. நம் மண்ணின் குருதியில் எழுதப்பட்டது.

ஜெனீவாவில் இரண்டு உடன்படிக்கைகள்

ஐ.எல்.ஓ. என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்தின் பெயர் திருப்பூருக்குப் புதிதன்று. வெளிநாட்டுக் கொள்முதலாளரின் நடத்தை விதிகள் பல கம்பெனி வாயில்களில் பலகையாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு அடிப்படை அந்த நிறுவனத்தின் உடன்படிக்கைகளே. 1996-இல் சிங்கப்பூரில் உலக வணிக அமைப்பின் அமைச்சர் மாநாடு கூடியபோது, தொழிலாளர் நியதிகளை வணிக ஒப்பந்தங்களோடு பிணைக்கக் கூடாது என்று இந்தியா வலுவாக எதிர்த்தது. தொழிலாளர் நியதிகளைப் பேசத் தக்க இடம் ஐ.எல்.ஓ. தான் என்று மாநாடு அறிவித்தது. நம் நாடும் மகிழ்ந்தது.

அதே ஐ.எல்.ஓ. 1957-இல், பூர்வகுடி மற்றும் பழங்குடி மக்களுக்கென முதல் பன்னாட்டு உடன்படிக்கையை நிறைவேற்றியிருந்தது. எண் 107. இந்தியா 1958-இல் அதனை ஏற்றுக்கொண்டது. மரபாக வாழ்ந்துவரும் நிலத்தின்மீது அம்மக்களுக்குத் தனியுடைமையோ பொதுவுடைமையோ உண்டு என்று அது கூறுகிறது. அவர்களது சம்மதமின்றி அப்புறப்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொருளாதார வளர்ச்சி, மக்கள் நலவாழ்வு ஆகியவற்றின் பொருட்டு அப்புறப்படுத்தலாம் என்று ஒரு விலக்கையும் அது வைத்தது. அந்த விலக்கின் வழியாக அணைகளும் சுரங்கங்களும் உள்ளே நுழைந்தன. மேலும், பழங்குடி மக்கள் காலப்போக்கில் பெரும்பான்மைச் சமுதாயத்தோடு கரைந்துவிடுவார்கள் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. கரைந்துவிடப் போகிறவர்களுக்கு உரிமை கொடுப்பதில் அரசுகளுக்குக் கடினம் இருக்கவில்லை.

காலம் மாறிற்று. கரைய மறுத்த மக்கள் தாமே பேசத் தொடங்கினர். 1982-இல் ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் பூர்வகுடி மக்களுக்கான பணிக்குழு ஒன்றை அமைத்தது. அமெரிக்கக் கண்டங்களின் செவ்விந்தியர், ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர், வட ஐரோப்பாவின் சாமி மக்கள் ஆகியோரோடு இந்திய ஆதிவாசிப் பிரதிநிதிகளும் அங்கே சென்றனர். ராஞ்சிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மொழியறிஞர் ராம் தயாள் முண்டா அவர்களுள் ஒருவர். ஒரே மண்டபத்தில், அவர்களுக்கு முன்னால், இந்திய அரசின் பிரதிநிதிகள் எழுந்து தங்கள் வாதத்தை வைத்தனர். இந்தியாவில் பல்லாயிரம் ஆண்டுகளாக இனங்கள் வந்து கலந்துவிட்டன. யார் முதலில் வந்தவர் என்று பிரிக்க இயலாது. பட்டியல் பழங்குடி என்பது வேறு, பூர்வகுடி என்பது வேறு என்றனர்.

1989-இல் ஐ.எல்.ஓ. பழைய உடன்படிக்கையைத் திருத்தி, எண் 169 என்ற புதிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. கரைத்தல் என்ற நோக்கம் கைவிடப்பட்டது. மக்களைப் பாதிக்கும் எந்த முடிவிலும் அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்பது அதன் மையமாயிற்று. உலகில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றுள்ளன. நம் அண்டை நாடான நேபாளம் 2007-இல் ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. பழைய 107-உடன்தான் அது நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 169-ஆம் உடன்படிக்கை பூர்வகுடிகளுக்கு மட்டுமன்று, பழங்குடிகளுக்கும் உரியது என்று அதன் தலைப்பே கூறுகிறது. யார் முதலில் வந்தவர் என்ற வினாவுக்கு அங்கே கட்டாயமே இல்லை. 'மக்களினம்' என்று அதில் வரும் சொல்லால் பன்னாட்டுச் சட்டத்தில் தனி உரிமை ஏதும் கிடைத்துவிடாது என்றும் அது வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. ஆகவே, 'எங்கள் நாட்டில் எல்லாரும் பூர்வகுடிகள்' என்ற விடை அந்த உடன்படிக்கைக்கு விடையாகாது. எஞ்சி நிற்கும் தடை ஒன்றே: கலந்து பேசுதல், சம்மதம் கேட்டல்.

அச்சத்தின் நியாயமும் எல்லையும்

அரசின் பக்கத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். பிரிவினையின் காயத்தோடு பிறந்த நாடு இது. நாகர் மலைகளிலும் மிசோ மலைகளிலும் தனிநாட்டுக் குரல்கள் எழுந்தன. 'சுயநிர்ணயம்' என்ற சொல்லைக் கேட்டாலே தில்லி திடுக்கிட்டது இதனால்தான். 1979-இல் மனித உரிமை பற்றிய இரு பன்னாட்டு உடன்படிக்கைகளில் இந்தியா சேர்ந்தபோதே, சுயநிர்ணய உரிமை அந்நிய ஆட்சியின்கீழ் உள்ள மக்களுக்கு மட்டுமே உரியது என்று தனிக்குறிப்பு எழுதிச் சேர்ந்தது. சில ஐரோப்பிய நாடுகள் அதற்கு மறுப்புத் தெரிவித்தன.

மற்றோர் அச்சமும் உண்டு. அது தமிழராகிய நமக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று. 'முதலில் வந்தவர்' என்னும் வாதம் பின்னால் வந்தவரை வெளியேற்றும் வாளாகவும் மாறக்கூடும். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இலட்சக்கணக்கான இந்தியத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அவர்கள் அந்த மண்ணின் மக்கள் அல்லர் என்பதே காரணம். 2023 மார்ச் மாதம், வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்ற பொய்ச்செய்தி பரவியபோது, நம் திருப்பூர் ரயில் நிலையத்திலும் அச்சத்தின் முகங்களை நாம் கண்டோம். மண்ணின் மைந்தர், வந்தேறி என்னும் சொற்கள் எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதை அறிந்தவர்கள் நாம்.

ஆகவே, 'யார் முதலில் வந்தார்?' என்ற கேள்வியில் நின்றுவிட்டால் வழக்கு திசைமாறிப் போகும். 2011 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றமே, பில் பழங்குடிப் பெண்ணொருத்தி இழிவுபடுத்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளிக்கையில், நாட்டு மக்களில் ஏறத்தாழ எட்டு விழுக்காட்டினரான பழங்குடியினர் தொல்குடிகளின் வழிவந்தவர்கள், மற்றவர்கள் பெரும்பாலும் வந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள் என்று கூறியது. அரசு ஜெனீவாவில் மறுத்ததை நீதிமன்றம் தில்லியில் சொல்லிவிட்டது. ஆயினும் பழங்குடி மக்களின் கோரிக்கை அந்தச் சான்றிதழோடு முடிவதில்லை. எங்களை ஒருவரும் இங்கிருந்து போகச் சொல்லக் கூடாது என்பதல்லவா அவர்கள் கேட்பது? மற்றவரைப் போகச் சொல்லும் உரிமையை அவர்கள் கேட்கவில்லை.

வாக்களித்தலும் விளக்கமளித்தலும்

1993-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகப் பூர்வகுடி மக்களின் ஆண்டாக அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில், சர்தார் சரோவர் அணையை ஆராய உலக வங்கி அமைத்த மோர்ஸ் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நர்மதைப் பள்ளத்தாக்கின் பழங்குடி மக்களுக்கு நேரும் இழப்பைச் சரிவர மதிப்பிடாமலே திட்டம் தொடங்கப்பட்டது என்று கண்ட அந்தக் குழு, இந்தியா கையெழுத்திட்ட 107-ஆம் உடன்படிக்கையையும் சுட்டிக்காட்டியது. 1993 மார்ச் மாதம், கடனின் எஞ்சிய பகுதி வேண்டாம் என்று இந்திய அரசு அறிவித்துவிட்டது. பூர்வகுடி மக்களின் ஆண்டில், கடனைத் துறந்தேனும் கேள்வியைத் தவிர்த்தது. அணை எழுந்தது.

இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட விவாதத்திற்குப் பின், 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரித்தன. 11 நாடுகள் வாக்களிக்கவில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் எதிர்த்தன. பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறியவர்களால் ஆக்கப்பட்ட நாடுகள் அவை நான்கும் என்பது நினைவிற்குரியது. 2009-க்கும் 2010-க்கும் இடையில் அந்நான்கும் தம் எதிர்ப்பைக் கைவிட்டன.

இந்தியா ஆதரித்து வாக்களித்தது. வாக்களித்த கையோடு விளக்கமும் அளித்தது. விடுதலையின்போது இந்நாட்டில் இருந்த அனைவரும், அவர்கள் வழிவந்தோரும் பூர்வகுடிகளே என்பது விளக்கத்தின் சாரம். கனடாவின் எதிர்ப்பு வெளிப்படையான எதிர்ப்பு; பின்னர் அதனை மாற்றிக்கொள்ள வழியிருந்தது. நம் ஆதரவோ, உடன்பட்டுக்கொண்டே விலகி நிற்கும் ஆதரவு. அதனை எங்கே போய் மாற்றச் சொல்வது? பிரகடனத்தின் இறுதியில், எந்த நாட்டின் நில ஒருமைப்பாட்டுக்கும் ஊறு விளைவிக்க இது இடந்தராது என்று 46-ஆம் பிரிவு உறுதி கூறுகிறது. பிரிவினை அச்சத்துக்கு அதுவே மருந்து. ஆனால் 'சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதம்' என்று அதே பிரகடனம் வலியுறுத்துவதற்கு நம் நாட்டில் என்ன இடம் கிடைத்தது?

நம் மலைகளில்

இந்தக் கேள்வியைத் தூரத்து நர்மதையில் விட்டுவிட வேண்டாம். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்து வயல்களுக்குப் பாயும் பி.ஏ.பி. வாய்க்காலின் நீர் ஆனைமலைத் தொடரிலிருந்து இறங்கி வருகிறது. அந்த மலைகளில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், இரவாளர் ஆகியோர் வாழ்கின்றனர். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அங்கே தேக்கு மரங்களைக் கண்டனர். வெட்டிய மரங்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது. அவர்களுக்குக் காட்டின் தடங்களைக் காட்டியவர்கள் காடர். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. வழிகாட்டியவர்களின் காடு அரசின் காப்புக்காடாயிற்று. நூற்றாண்டின் இறுதியில் வால்பாறைப் பீடபூமியில் தோட்டங்கள் எழுந்தன. 1960-களில் பரம்பிக்குளம்-ஆழியாறு அணைகள் எழுந்தபோது, காடர் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. 1976-இல் வனவிலங்குச் சரணாலயம். 2007-இல் புலிகள் காப்பகம். மரத்துக்காகவும் தேயிலைக்காகவும் நீருக்காகவும் விலங்குக்காகவும் மலையைக் கேட்டவர்கள் பலர். மலையில் இருந்தவர்களைக் கேட்டவர் யார்?

கொங்கு நாட்டின் வறண்ட மண்ணை அந்த நீர் பசுமையாக்கிற்று. அது நன்மையே, அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை, நாமும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர் யாரென்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லையே!

2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டு மக்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று அந்தச் சட்டத்தின் முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. 2007 டிசம்பர் 31-இல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலோ, 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைபட்டது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அந்தத் தடையை நீக்கிற்று. எட்டு ஆண்டுகள்! ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களில் உள்ள ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்பதும் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. ஆகவே அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரமும் நம் மலைகளுக்கு இல்லை.

2019-ஆம் ஆண்டு மழையில் வால்பாறையை அடுத்த கல்லார்குடியில் நிலம் சரிந்தது. அங்கு வாழ்ந்த காடர் குடும்பங்கள், தங்களுக்குப் பழக்கமான தெப்பக்குளமேடு என்னும் இடத்தில் குடியேற முயன்றன. வனத்துறை இடந்தரவில்லை, தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்டனர். காட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை வீடு ஒரு முகாமாகவே இருந்தது. அவர்கள் அறவழியில் போராடினார்கள். 2021-இல், வன உரிமைச் சட்டத்தின்படி தெப்பக்குளமேட்டிலேயே அவர்களுக்கு நில உரிமை வழங்கப்பட்டது. சிறு செய்தி, நாளிதழின் உள்பக்கச் செய்தி. ஆயினும் அது சொல்வது பெரிது. இரண்டு ஆண்டுகள் போராடிப் பெற்றதை, முதல் நாளிலேயே கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம்.

மறுக்கவும் உரிமை

சம்மதம் கேட்பது என்றால் மறுப்பையும் ஏற்பது என்றே பொருள். ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனம் முனைந்தபோது, உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. டோங்ரியா கோண்ட் முதலிய மக்கள் வாழும் பன்னிரண்டு சிற்றூர்களின் சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014-இல் நடுவண் அரசு அனுமதியை மறுத்தது. நாடு உடைந்துவிடவில்லை. பன்னிரண்டு சிற்றூர்கள் சொன்ன 'இல்லை' என்ற சொல்லைத் தாங்கும் வலிமை இந்தியக் குடியரசுக்கு உண்டு என்பதே வெளிப்பட்டது. ஆனால் அந்த வலிமையில் அரசுக்கே நம்பிக்கை குறைவு போலும். 2022-இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்பு விதிகள், நடுவண் அரசின் அனுமதிக்கு முன்பே கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்ற முறையைத் தளர்த்தின. தேசியப் பட்டியல் பழங்குடியினர் ஆணையமே அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது.

விவிலியத்தில் நாபோத்தின் கதையை நாம் அறிவோம். ஆகாபு அரசன் முதலில் கொள்ளையடிக்க வரவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்று நயமாகவே கேட்டான். இன்றைய மொழியில் சொன்னால், மாற்று இடமும் இழப்பீடும். நாபோத்து மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தர மறுத்தான். அந்த மறுப்பைத் தாங்க முடியாத அரண்மனைதான் பொய்ச் சாட்சிகளைத் தேடிற்று. ஆகாபின் பாவம் கேட்டதில் இல்லை. 'இல்லை' என்ற விடைக்கு இடமே வைக்காததில் இருந்தது.

இந்தக் கணக்கில் திருச்சபையும் தன் ஏட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. 15-ஆம் நூற்றாண்டின் திருத்தந்தை ஆணைகள், கடல்கடந்து கண்ட நிலங்களைக் கிறிஸ்தவ மன்னர்கள் கைக்கொள்ள ஆதாரமாகப் பயன்பட்டன. 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்கப் பூர்வகுடிகளின் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அறிவித்தார், கேட்டவர் சிலரே. 'கண்டுபிடிப்புக் கோட்பாடு' என்று சட்ட நூல்களில் வழங்கிய அந்தக் கருத்தை வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது 2023 மார்ச் 30-ஆம் நாள்தான். தாமதம் அரசுகளுக்கு மட்டும் உரிய குறையன்று. நம் காலத்திலோ, திருச்சி மாவட்டத்து விரகலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்து அவர்களது நில உரிமைக்காகக் குரல் கொடுத்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டு, பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று மும்பையில் காலமானார். லீவன்ஸ் அடிகளாரின் வழி இன்றும் எளிதாகிவிடவில்லை.

மீண்டும் கோயில் வாசலுக்கு வருகிறேன். அந்தக் கும்லா இளைஞனிடம் ஊரைப் பற்றிக் கேட்டேன். நேதர்ஹாட் என்றான். அங்கே இராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக்களத்தை இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களின்மேல் விரிக்க 1990-களின் தொடக்கத்தில் அறிவிக்கை வந்தது. 1994 மார்ச் 22, 23 ஆகிய நாள்களில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள், பெண்கள் முன்னிற்க, சாலையில் அமர்ந்து இராணுவ வண்டிகளைத் திருப்பி அனுப்பினர். கல்லெறியவில்லை. ஆண்டுதோறும் அதே நாள்களில் அங்கே கூடி, தங்கள் மறுப்பைப் புதுப்பித்து வந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில், அந்த அறிவிக்கையை இனி நீட்டிப்பதில்லை என்று மாநில அரசு முடிவு செய்தது. தன் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் அங்கே நடந்தே போனாள் என்று அவன் சொன்னான்.

"உங்களை யாராவது வந்து கேட்டார்களா தம்பி?" என்றேன்.

"கேட்கவில்லை சார். நாங்களாகவே போய்ச் சொன்னோம்" என்றான்.

ஜெனீவாவில் இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். அவர்களுடைய பேரன் இங்கே நம் நகரத்துப் பனியனைத் தைத்துக்கொண்டிருக்கிறான். நாம் தினமும் அவனைக் கடந்து போகிறோம். அவன் மொழியில் 'நீ' என்பதற்கு என்ன சொல் என்று கேட்கவாவது நாம் ஒரு நிமிடம் நின்றோமா? அரசு கேட்க வேண்டியதை அரசு ஒருநாள் கேட்கட்டும். நாம் கேட்க வேண்டியதை அடுத்த ஞாயிறே கேட்கலாம்.